கல்லடிப் பாலமும் சாய்ந்த கோபுரமும்

அன்பான நேயர்களே, வணக்கம்.

1918 முதல் 1925 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் மனிங்கின் துணைவியார் பெயரில் ‘லேடி மனிங் பாலம்’ என்று எழுதப்பட்ட இரும்புப் பாலத்தை, மட்டக்களப்பில் எவரும் அப்பெயரால் அழைத்து நான் கேட்டதில்லை. நமக்கு அது கல்லடிப் பாலம்தான். வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கல்லடியை நகரோடு இணைத்து, கல்முனை வீதியை அது பல பத்தாண்டுகள் சுமந்தது. அலங்காரம் என்று அதில் எதுவுமில்லை. குறுக்கும் நெடுக்குமான இரும்புச் சட்டங்களும் அவற்றைப் பிணைக்கும் குமிழ்த்தலைத் தறையாணிகளும் மட்டுமே. ஆயினும் மாலை வெயிலில் அச்சட்டங்களின் நிழல், பாதையின்மேல் புற்பாயின் பின்னலைப் போல விழும்.

பாலம் ஒடுக்கமானது. ஒரு கரையில் வாகனங்கள் காத்து நிற்க, மறுகரை வாகனங்கள் கடந்து முடிய வேண்டியிருந்தது. 2013 மார்ச்சில் அருகிலேயே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்டதும் அந்தக் காத்திருப்பு நீங்கியது. பழையதைப் பிரித்தெடுக்காமல் விட்டது நல்ல முடிவென்றே கருதுகிறேன்.

அலங்காரம் தேடுவோர் இரு கரைகளுக்கும் போக வேண்டும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தாண்டுகளில் ஒல்லாந்தர் கைப்பற்றிய புளியந்தீவுக் கோட்டையில், ‘வீ’ எழுத்தின் இரு கால்களிலும் ‘ஓ’வையும் ‘சீ’யையும் கோத்த, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம் இருக்கிறது. அதை அழகென்பதைவிட உரிமைச் சீட்டு என்பதே பொருந்தும்.

கல்லடிக் கடற்கரைத் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தின் கதை வேறு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடிமண்ணை அரித்தபோது அது சரிந்து விழவில்லை. சுதைச் சிற்பங்களோடு ஒருபக்கம் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர், தம்மை அறியாமலே தலையையும் அப்பக்கம் சரிப்பதைக் கண்டிருக்கிறேன்.

பாலத்துக்கு இன்னொரு பெருமையைத் தந்தது வாவி. பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கே வந்து நீருக்கடியிலிருந்து எழும் இசையைக் கேட்டார். அப்போது பாலமே இல்லை. ஊர்க்காரர் பாடும் மீன் என்பார்கள். அது ஊரி எனும் நத்தையின் ஓசை என்று டெனன்டுக்குச் சொன்னவர்கள் வாவி மீனவர்கள். பூரணை இரவில் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்தால் அது தெளிவாகும். பழைய பாலத்தில் போக்குவரத்து நிறைந்திருந்த நாட்களில், மேலே வாகனம் உருண்டால் இரும்பின் அதிர்வே கேட்டது. ஆகையால் தோணிக்காரர்கள் சாமம் கடக்கும்வரை பொறுத்திருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.