சபஸ்தியா: குன்றும் ஊரும்

அவைத் தலைவர் அவர்களே, இந்த மாலையில் நூலக அரங்குக்கு வந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

பாலஸ்தீனம் பற்றிப் பேச அழைத்தபோது, ஜெருசலேமைப் பற்றியோ காசாவைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அமைப்பாளர்கள் எண்ணியிருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது மூவாயிரத்தைச் சற்றே தாண்டும் மக்கள்தொகை கொண்ட ஒரு சிற்றூரை. மேற்குக் கரையின் வடபகுதியில், நாப்லுஸ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சபஸ்தியா என்ற ஊர் அது. பள்ளிவாசலை ஒட்டி ஒரு சதுக்கம், சில கடைகள், கல் வீடுகள், சுற்றிலும் ஒலிவத் தோப்புகள் என்று பார்ப்பதற்கு அந்த மலைநாட்டின் மற்ற ஊர்களைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஊரைக் கடந்து மேற்கே குன்றின்மீது ஏறிச் சென்றால், விவிலியத்தில் சமாரியா என்று வரும் தலைநகரத்தின் இடிபாடுகள்மேல் நிற்போம். ஊர் குன்றின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. பழைய அரண்மனை உச்சியில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதா, இரண்டு வெவ்வேறு இடங்களாகப் பார்ப்பதா என்பதுதான் இன்று அங்கே நடக்கும் தகராறின் அடிப்படை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். சமாரியக் குன்று நாற்புறமும் பள்ளத்தாக்குகள் சூழ, நடுவில் தனித்து எழுந்து நிற்கிறது. கிழக்குப் பக்கம் மட்டும் ஒரு தாழ்ந்த மேடு அதைப் பக்கத்து மலைத்தொடரோடு இணைக்கிறது. உயரம் பெரிதல்ல, பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர்தான். ஆயினும் வானம் தெளிந்த நாளில் உச்சியில் நின்றால் மேற்கே மத்தியதரைக் கடல் தெரியும். நாப்லுஸிலிருந்து கடற்கரைச் சமவெளிக்கு இறங்கும் வாதி அஷ்ஷயீர், அதாவது வாற்கோதுமைப் பள்ளத்தாக்கு, குன்றின் காலடியில் செல்கிறது. வடக்கே ஜெனினுக்குச் செல்லும் பாதையும் அருகிலேயே பிரிகிறது. வழிகளைக் காவல்காக்க இதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் அரிது. ஒரே குறை தண்ணீர். குன்றின்மீது ஊற்று கிடையாது. பாறையைக் குடைந்த தொட்டிகளில் மழைநீரைச் சேர்த்தே பழைய நகரம் வாழ்ந்தது. அருகே உள்ள நாக்கூரா ஊற்றுகளிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்ததெல்லாம் ரோமானியர் காலத்தில். மேலே நின்று எதிரியைத் தொலைவிலேயே கண்டுகொள்ளலாம், ஆனால் முற்றுகை நீண்டால் தாங்க முடியாது. இந்த நகரத்தின் வரலாற்றில் முற்றுகைகள் திரும்பத் திரும்ப வருவதை இனிக் காண்பீர்கள்.

கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வட இஸ்ரேல் அரசை ஆண்ட உம்ரி என்ற மன்னன் இந்தக் குன்றை சேமேர் என்பவனிடமிருந்து இரண்டு தாலந்து வெள்ளி கொடுத்து வாங்கித் தன் தலைநகரைக் கட்டினான் என்று விவிலியத்தின் அரசர் ஆகமம் சொல்கிறது. அரசன் ஒருவன் நிலத்தை விலை கொடுத்து வாங்கினான் என்பது பண்டைய ஏடுகளில் நாம் அடிக்கடி படிக்கும் செய்தியல்ல. குன்றுக்கு அதன் பழைய உரிமையாளன் பெயரே நிலைத்தது. எபிரேயத்தில் ஷோம்ரோன், நமக்குச் சமாரியா. உம்ரியின் மகன் ஆகாப், அவன் மனைவி யேசபேல் ஆகியோர் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஆகாப் கட்டிய தந்த வீட்டைப் பற்றியும், தந்தக் கட்டில்களில் சாய்ந்திருக்கும் செல்வர்களை ஆமோஸ் தீர்க்கதரிசி சாடியதைப் பற்றியும் விவிலியம் பேசுகிறது. 1930களின் அகழாய்வில் பெனிசியக் கலைப்பாணியில் செதுக்கிய தந்தத் துண்டுகள் இங்கே குவியலாகக் கிடைத்தன. மரச்சாமான்களில் பதிக்கப்பட்டிருந்தவை அவை. ஆமோஸ் மிகைப்படுத்தவில்லை என்று தெரிந்தது.

தந்தங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு எடுத்த பானை ஓடுகள்தான். அரண்மனை வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டுச் சில்லுகள் கிடைத்தன. அவற்றில் 63 தெளிவாகப் படிக்கத் தக்கவை. உடைந்த பானையின் ஓட்டில் மையால் பழைய எபிரேய எழுத்தில் எழுதிய குறிப்புகள். கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எழுதியிருப்பது கவிதையோ பிரார்த்தனையோ அல்ல, கணக்கு. எந்த ஆட்சியாண்டு, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் பெயருக்கு, என்ன பொருள். பொருள் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஒரு சாடி பழைய திராட்சை மது, அல்லது ஒரு சாடி கழுவிய எண்ணெய். ஒலிவக் காயை நசுக்கி, நீர் ஊற்றி, மேலே மிதந்து வருவதை அள்ளி எடுத்த உயர்தர எண்ணெய்தான் கழுவிய எண்ணெய் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். செக்கில் அழுத்திப் பிழிந்தது அதற்கு அடுத்த தரம். ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் எழுத்தர் எண்ணெயின் தரத்தைக் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறார்.

அந்த ஓடுகளில் ஆட்களின் பெயர்களைப் பார்த்தால், இஸ்ரேலியரின் யாவே கடவுளின் பெயர் சேர்ந்தவையும் உண்டு, கானானியரின் பாகால் கடவுளின் பெயர் சேர்ந்தவையும் உண்டு. இரு கூட்டத்தாரும் ஒரே கணக்கில் வருகிறார்கள். விவிலியக் கதையில் யாவேக்கும் பாகாலுக்கும் இடையே ஓடும் கடும் பகையை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் படிப்பது ஒரு நல்ல பாடம்.

ஊர்ப் பெயர்களுக்கு வாருங்கள். ஓட்டில் யாஸித் என்று ஓர் ஊர் வருகிறது. சபஸ்தியாவுக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் இன்றும் யாஸித் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஓட்டில் எல்மத்தான் என்று வருவது, நாப்லுஸுக்குத் தென்மேற்கே உள்ள இன்றைய இம்மாத்தீன் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அசீரியர் வந்தார்கள், கிரேக்கர் வந்தார்கள், ரோமானியர், அரபியர், சிலுவைப் போர்வீரர், துருக்கியர் வந்தார்கள். பேச்சுமொழி எபிரேயத்திலிருந்து அரமேயத்துக்கும், பின்பு அரபுக்கும் மாறியது. இந்தச் சின்ன ஊர்களின் பெயர் மட்டும் வாய்வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. குடியிருப்பவர்கள் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாலன்றி ஒரு சிற்றூரின் பெயர் இப்படிப் பிழைத்திருக்காது. அந்தச் சில்லுகள் இப்போது இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தோண்டிய காலத்தில் அது உதுமானியப் பேரரசின் நிலம்.

தலைநகரத்தின் முடிவு கி.மு. 722 அல்லது 721இல் வந்தது. அசீரிய மன்னன் ஐந்தாம் சல்மனேசர் தொடங்கிய முற்றுகை மூன்றாண்டு நீடித்தது. அவனுக்குப் பின்வந்த இரண்டாம் சர்கோன், இங்கிருந்து 27,290 பேரைச் சிறைபிடித்துக் கொண்டுசென்றதாகத் தன் கல்வெட்டில் எழுதிவைத்தான். அவர்கள் இடத்தில் பாபிலோன் முதலிய பகுதிகளிலிருந்து வேறு மக்கள் குடியமர்த்தப்பட்டார்கள் என்று விவிலியம் கூறும். நல்ல சமாரியன் உவமையில் வரும் சமாரியர் தங்களைப் பற்றிச் சொல்வது வேறு: தாங்கள் பெயர்க்கப்படாமல் எஞ்சிய பழைய இஸ்ரேலியரின் வழிவந்தவர்கள் என்பார்கள். சில நூறு பேர் கொண்ட அச்சமூகம் இன்றும் நாப்லுஸுக்கு மேலே கெரிசீம் மலையிலும், டெல் அவீவ் அருகே ஹோலோனிலும் வாழ்கிறது.

அலெக்சாந்தர் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். அவன் நியமித்த ஆளுநரைச் சமாரியர்கள் எரித்துக் கொன்றார்கள். பதிலடியாக நகரம் பறிக்கப்பட்டு மாசிடோனியர் குடியேற்றமானது. அவர்கள் காலத்து வட்டக் கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது, நேர்த்தியான கல்வேலை. கி.மு. 108 வாக்கில் யூத ஆட்சியாளன் யோவான் ஹிர்கானுஸ் ஓராண்டு முற்றுகையிட்டுப் பிடித்தபோது, நகரம் இருந்த தடமே தெரியாதபடி ஓடைகளைத் திருப்பிவிட்டு அரித்துவிட்டான் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார்.

ரோமின் கீழ் யூதேயாவை ஆண்ட அரசன் ஏரோதுவிடம் சற்று நிற்க வேண்டும். அகஸ்டஸ் பேரரசர் இந்த நகரத்தை அவனுக்குக் கொடையாக அளித்தார். அவன் 6,000 பேரைக் குடியமர்த்தி, உச்சியில் அகஸ்டஸுக்கு ஒரு கோயில் கட்டி, ஊருக்கு செபஸ்தே என்று பெயரிட்டான். அகஸ்டஸ் என்ற இலத்தீன் பட்டத்துக்குக் கிரேக்கத்தில் செபஸ்தோஸ், வணக்கத்துக்குரியவர் என்று பொருள். கோயிலுக்கு ஏறும் அகன்ற படிகள் இன்றும் இருக்கின்றன. இதே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் செபஸ்தியான் என்ற பெயரும். நம் கடற்கரை ஊர்களில் செபஸ்தியான் என்றும் செபஸ்தியம்மாள் என்றும் அழைக்கப்படுவோர் தாம் அறியாமலே ஒரு ரோமப் பேரரசரின் பட்டத்தைச் சுமக்கிறார்கள். இந்தப் பாலஸ்தீன ஊரும் அப்படியே. இந்த நகரில்தான் ஏரோது யூத இளவரசி மரியம்னேயை மணந்தான்; அவள் பெற்ற இரு மகன்களையும் கி.மு. 7 வாக்கில் இங்கேதான் கழுத்தை நெரித்துக் கொல்லவைத்தான். தூண்கள் அணிவகுத்த தெரு, அரங்கம், மன்றச் சதுக்கம் எனப் பார்வையாளர் இன்று காணும் மிச்சங்களில் பெரும்பகுதி கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியையும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த ரோமானியப் புதுப்பிப்பு.

இனிக் குன்றிலிருந்து ஊருக்குள் இறங்குவோம். சதுக்கத்தில் உள்ள பள்ளிவாசலின் பெயர் நபி யஹ்யா பள்ளிவாசல். கத்தோலிக்கர் திருமுழுக்கு யோவான் என்றும், சீர்திருத்தச் சபையினர் யோவான் ஸ்நானகன் என்றும் சொல்பவரே இஸ்லாமியருக்கு யஹ்யா நபி. அவர் சிறைவைக்கப்பட்டுக் கொல்லப்பட்டது சாக்கடலுக்குக் கிழக்கே மக்கேருஸ் கோட்டையில் என்று யோசேபஸ் சொல்கிறார். உடலைச் சீடர்கள் இங்கே கொண்டுவந்து அடக்கினார்கள் என்பது நான்காம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்த மரபு. ஜூலியன் பேரரசரின் காலத்தில் அந்தக் கல்லறை சூறையாடப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலுவைப் போர்வீரர்கள் அதன்மேல் ஒரு பேராலயம் எழுப்பினார்கள். 1187இல் சலாஹுத்தீனின் வெற்றிக்குப் பிறகு அது பள்ளிவாசலானது. ஆலயத்தின் கனத்த சுவர்களுக்கு உள்ளேயே பள்ளிவாசல் இருக்கிறது. முற்றத்தில் ஒரு சிறு கட்டடம். அதற்குள் குறுகலான கல்படிகள் இறங்குகின்றன. கீழே ரோமானியர் காலத்து நிலவறை, சுவரில் அடக்கக் குழிகள், அவற்றை எட்டிப் பார்க்கச் சிறு துளைகள். கிறிஸ்தவ யாத்ரீகரும் முஸ்லிம்களும் அதே படிகளில்தான் இறங்குகிறார்கள்.

உதுமானியர் காலத்தில் சபஸ்தியா சுற்றுவட்டாரத்தை ஆண்ட குறுநிலத் தலைவர்களின் இருப்பிடங்களில் ஒன்று. காயித் குடும்பத்தின் மாளிகை ஊருக்குள் இருக்கிறது. பேரரசின் கடைசி ஆண்டுகளில் ஹிஜாஸ் ரயில்பாதையின் ஒரு கிளை ஜெனின் வழியாக நாப்லுஸுக்கு நீண்டபோது, அருகே மசூதியாவில் ஒரு நிலையம் கட்டப்பட்டது. ரயில் நின்றுபோய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நிலையம்தான் செய்தியானது. 1967 போரில் இஸ்ரேல் மேற்குக் கரையைக் கைப்பற்றியது. 1975இல், மேற்குக் கரையில் யூதர்கள் குடியேற வேண்டும் என்று வலியுறுத்திய குஷ் எமுனிம் இயக்கத்தினர் இந்தப் பாழடைந்த நிலையத்தில் முகாமிட்டு வெளியேற மறுத்தார்கள். அரசு இணங்கிப் போய், 30 குடும்பங்களைத் தெற்கே கதூம் ராணுவ முகாமில் தங்க அனுமதித்தது. அதுவே இன்றைய கெதூமிம் யூதக் குடியேற்றம். வட மேற்குக் கரையில் குடியேற்றங்கள் பெருகியதற்கு வாசல் திறந்தது அந்த ரயில் நிலையம்தான் என்பது என் கணிப்பு. சபஸ்தியாவின் பக்கத்திலேயே 1977இல் அமைந்த குடியேற்றத்தின் பெயர் ஷவே ஷோம்ரோன், சமாரியாவுக்குத் திரும்புவோர். சேமேரின் பெயர் இப்படியும் பயன்படுகிறது.

1995இன் இரண்டாம் ஒஸ்லோ உடன்படிக்கை மேற்குக் கரையை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்தது. பி பகுதியில் குடிமை நிர்வாகம் பாலஸ்தீன அதிகார சபையிடமும் பாதுகாப்பு இஸ்ரேலிடமும் இருக்கும். சி பகுதியில் இரண்டுமே இஸ்ரேலிடம். சபஸ்தியாவில் வீடுகள் பெரும்பாலும் பி பகுதியில் விழுந்தன. குன்றின் உச்சி சி பகுதியில் விழுந்தது. இதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன தகராறு. ஊர் நகராட்சி குன்றின் உச்சியில் ஒரு தூணைச் சீர்செய்யவோ கொடி நடவோ ராணுவத்தின் அனுமதியின்றி முடியாது. 2012இல் பாலஸ்தீனம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சபஸ்தியாவைச் சேர்த்தது. 2023இல் இஸ்ரேல் அரசு இந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக மேம்படுத்த 3 கோடியே 20 லட்சம் ஷெக்கல் ஒதுக்கியது. 2025 நவம்பரில், தொல்லியல் பாதுகாப்பைக் காரணம் காட்டி, குன்றிலும் அதைச் சுற்றியும் சுமார் 1,800 துனும் நிலத்தை, நம் கணக்கில் ஏறத்தாழ 450 ஏக்கரை, கையகப்படுத்தும் எண்ணத்தை அறிவித்தது.

யூதர்களுக்கு இந்தக் குன்றோடு உள்ள தொடர்பை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. உம்ரியும் ஆகாபும் அந்த ஓடுகளின் மொழியும் அதற்குச் சான்று. ஆனால் பூங்காவின் கதையை உம்ரியில் தொடங்கி ஏரோதுவோடு முடித்துவிட்டால், அதற்குப் பிறகு வந்த இரண்டாயிரம் ஆண்டுகளும் அந்தக் குன்றிலேயே உழுது, அந்தத் தூண்களைச் சுற்றியே மரம் நட்ட மக்கள் காட்சியிலிருந்து காணாமல் போகிறார்கள். 1908 முதல் 1910 வரையிலும், பின்பு 1931 முதல் 1935 வரையிலும் நடந்த அகழாய்வுகளில் மண்ணைச் சுமந்தவர்களும் அவர்களேதான்.

திரையில் இருப்பது கடைசிப் படம். தூண் தெரு. இரு பக்கமும் நிற்பவை ஒற்றைக் கல் தூண்கள்; சில பாதியில் முறிந்திருக்கின்றன. அவற்றின் நடுவே இருப்பவை ஒலிவ மரங்கள், ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. அக்டோபரில் காய் பறிக்கும்போது மரத்தடியில் துணி விரிப்பார்கள். துணியின் ஓரம் தூணின் அடிக்கல்லைத் தொடும். அறிவிப்பில் குறித்த 1,800 துனும் நிலத்துக்குள் இத்தகைய மரங்கள் ஏராளம். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.