கடைசி இரண்டு நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். ஹாக்கிப் பயிற்சியாளர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். யாரைப் பற்றி என்று நான் யோசிக்கவே இல்லை. ஆரணியில் பிறந்த நம் வாசுதேவன் பாஸ்கரன்தான்.

அவரைக் கேப்டனாகத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் தங்கம் அவர் தலைமையில் வந்தது. பல நாடுகள் புறக்கணித்ததால் ஹாக்கியில் ஆறு அணிகள்தாம் ஆடின. அதைச் சொல்லி அந்தத் தங்கத்தை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இறுதி ஆட்டத்தில் 3-0 என்று நாம் முந்தியிருந்தோம். ஸ்பெயின் விடாமல் துரத்தி 4-3 வரை வந்துவிட்டது. அந்தக் கடைசி நிமிடங்களில் பாஸ்கரன் களத்துக்குள் இருந்தார். கத்தலாம், ஓடலாம், பந்தை மறிக்கலாம்.

பயிற்சியாளருக்கு அது எதுவும் கிடையாது.

மாஸ்கோவில் அவரோடு ஆடிய மகராஜ் கிஷன் கௌசிக், 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் பயிற்சியாளராக இருந்து, 32 ஆண்டுக்குப் பிறகு தங்கம் வாங்கித் தந்தார். அப்படியும் அவருடைய பதவி நிலைக்கவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அந்த இடத்தில் பாஸ்கரன் இருந்தார்.

சிட்னியில் நம் பையன்கள் நன்றாகவே ஆடினார்கள். அர்ஜென்டினாவை வென்றார்கள், ஆஸ்திரேலியாவோடு 2-2 டிரா செய்தார்கள். கடைசி லீக் ஆட்டம் போலந்தோடு. ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னால் இருக்கிறோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. போலந்து கோல் போட்டது. 1-1. அத்தோடு எல்லாம் முடிந்தது. நமக்கு ஏழாம் இடம்.

அந்த நேரத்தில் பெஞ்சில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? அன்று 35 நிமிடத்துக்கு ஒரு பாதி, நடுவில் ஒரே இடைவேளை. கிரிக்கெட்டில்போல ஓவருக்கு ஓவர் மூச்சு விடவும், கூடைப்பந்தில்போல டைம்அவுட் கேட்கவும் வழியில்லை. ஆளை மாற்றலாம், குரல் கொடுக்கலாம். பயிற்சியாளரின் வேலையெல்லாம் பல மாதம் முன்பே, மைதானத்தில் ஆளில்லாத காலை நேரத்தில் நடந்து முடிந்திருக்கும். ஆனால் பழி மட்டும் அந்த இரண்டு நிமிடத்துக்கு! இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2006 உலகக் கோப்பையிலும் அவர்தான் பயிற்சியாளர். பன்னிரண்டு அணிகளில் பதினோராம் இடம். கசப்பான செப்டம்பர் அது. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒருவர், மறுபடி அந்தப் பொறுப்பை ஏற்காமலே இருந்திருக்கலாம். பெயராவது பத்திரமாக இருந்திருக்கும். அப்படி ஒதுங்கி நிற்காததற்காகவே அவரைக் கும்பிடுகிறேன்.

2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று நாம் முன்னால் இருக்கிறோம். முடிய சில விநாடி இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர், அதாவது கோல் போட நல்ல வாய்ப்பு. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். மாஸ்கோவுக்குப் பிறகு 41 ஆண்டு கழித்து ஒரு பதக்கம். வீட்டில் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். எனக்கோ சிட்னி பெஞ்சில் இருந்த பாஸ்கரனின் நினைப்புத்தான் முதலில் வந்தது.

வணக்கம்.