டிரையர் பிளக்கில் காரைக் கொழுவலாமா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு மின்வேலை செய்பவன் நான். கொஞ்சக் காலமாக எங்கள் ஆட்கள் போன் எடுத்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். “தம்பி, மின்சாரக் கார் எடுத்திருக்கிறம். வீட்டில டிரையர் பிளக் இருக்குதுதானே, அதில கொழுவலாமோ?”

உடுப்புக் காயவைக்கிற டிரையருக்கென்று இருக்கிற அந்தப் பிளக்கில் கொழுவலாம். எந்த நிலையில் கொழுவலாம் என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. யாழ்ப்பாணத்து வீட்டில் எந்தச் சுவரில் பிளக் பொயின்ற் இருந்தாலும் அதில் 230 வோல்ற் வரும். இங்கே கனடாவில் சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ற். காருக்கு அதிலிருந்து 12 அம்பியர்தான் தொடர்ந்து எடுக்கலாம். பெருக்கிப் பார்த்தால் 1.4 கிலோவாட். ஒரு மணித்தியாலம் சார்ஜ் பண்ணினால் ஏழெட்டுக் கிலோமீற்றர் ஓடலாம், அவ்வளவுதான். கடும் குளிரில் அதிலும் ஒரு பங்கு பற்றரியைச் சூடாக்கவே போய்விடும். காலையில் எழும்பிப் பார்த்தால் சார்ஜ் ஏறியதாகவே தெரியாது.

ஆனால் தெருவில் இருந்து உங்கள் வீட்டுக்கு வருவது இரண்டு 120 வோல்ற் வயர்கள், நடுவில் ஒரு நியூட்ரல். இரண்டையும் சேர்த்து எடுத்தால் 240. அப்படிச் சேர்த்து எடுக்கிற பிளக் சாதாரண வீட்டில் இரண்டே இரண்டு. ஒன்று அடுப்புக்கு, மற்றது டிரையருக்கு. அடுப்பை ஒருவரும் அரக்க மாட்டார்கள். அதனால்தான் எல்லாருடைய கண்ணும் டிரையரில் விழுகிறது.

போன குளிர்காலத்தில் ஏஜாக்ஸில் இருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். “கார் வடிவா சார்ஜ் ஆகுது தம்பி. ஆனா விடியப்புறம் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள்ள ஒரு மணம் வருது. பிளாஸ்டிக் கருகின மாதிரி.” கரண்ட் கூடினால் தானே விழுந்து மின்சாரத்தை வெட்டுகிற பிரேக்கரை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனேன். அந்த அறைக்குப் பக்கத்துச் சுவருக்கு அப்பால் கராஜ். சார்ஜர் வயரைக் கதவின் கீழால் விட்டிருந்தார்கள். டிரையரை இழுத்துவிட்டுப் பார்த்தேன். சாக்கெற்றின் ஓர் ஓட்டையைச் சுற்றி, வெள்ளைத் துணியில் தேத்தண்ணி ஊற்றினதுபோல மண்ணிறம் பிடித்திருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே வயரின் உறை காய்ந்து முறுகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. வயரைப் பிடிக்கிற ஸ்குரூ அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

மகன் இணையத்தில் ஒரு சார்ஜர் வாங்கியிருந்தார். அது அடுப்புப் பிளக்குக்கென்று செய்தது, 32 அம்பியர் இழுப்பது. டிரையர் சாக்கெற்றில் அது போகாது. அடுப்புச் சாக்கெற்றில் நியூட்ரல் ஓட்டை நேர்க்கோடு, டிரையர் சாக்கெற்றில் அது மூலைமட்டம் போல மடிந்திருக்கும். ஒன்று மற்றதில் போகக்கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். மகன் இடையில் ஓர் அடாப்டரைப் போட்டுக் கொழுவிவிட்டார்.

நேயர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அந்த மாதிரிச் சாதாரண அடாப்டர் பிளக்கின் உருவத்தைத்தான் மாற்றும். சார்ஜர் இழுக்கிற கரண்டை மாற்றாது. டிரையர் பிளக் 30 அம்பியர் பிளக். ஆனால் மணிக்கணக்காகத் தொடர்ந்து ஓடுகிற வேலைக்கு அதில் எண்பது வீதம்தான் எடுக்கலாம். முப்பதில் எண்பது வீதம் 24. டிரையர் ஒரு மணித்தியாலம் ஓடும், அதற்குள்ளும் அதன் ஹீற்றர் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். கார் அப்படியில்லை. இரவு முழுக்க ஒரே இழுவை. 24க்குப் பதிலாக 32 இழுத்தால் மூன்றில் ஒரு பங்குதானே கூட என்று நினைப்பீர்கள். வெப்பம் கரண்டின் வர்க்கத்தோடு ஏறும். அதே ஸ்குரூவில், அதே தகட்டில், ஏறக்குறைய 1.8 மடங்கு சூடு.

“பிரேக்கர் விழுந்திருக்க வேணுமே?” என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. 30 அம்பியர் பிரேக்கர் 32க்கு உடனே விழாது. அந்தச் சிறிய மிகையை அது மணிக்கணக்காகத் தாங்கிக்கொண்டு நிற்கக்கூடும். அதைவிட முக்கியம், தளர்ந்த ஸ்குரூவில் உண்டாகிற சூடு பிரேக்கருக்குத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிவது எவ்வளவு கரண்ட் போகிறது என்பது மட்டும்தான்.

அந்த வீட்டில் கருகின துண்டை வெட்டி, வயரில் நல்ல இடம் வரும்வரை பின்னால் போய், கனமான தரத்துச் சாக்கெற் ஒன்றைப் போட்டு, ஸ்குரூக்களை உரிய அளவுக்கு இறுக்கினேன். டிரையருக்கென்று விற்கிற மலிவான சாக்கெற் வருடக்கணக்கில் ஒருதரம் கழற்றப்படுவதற்காகச் செய்தது. தினமும் டிரையரைக் கழற்றிக் காரைக் கொழுவினால் உள்ளே இருக்கிற தகட்டின் பிடி தளரும், தளர்ந்த இடம் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். ஆகவே கொழுவிக் கழற்றுகிற வேலையையே குறையுங்கள். டிரையருக்கும் காருக்கும் நடுவில் தானாக மாற்றிக் கொடுக்கிற கருவிகள் இருக்கின்றன. டிரையர் ஓடினால் காரை நிறுத்தி, முடிந்ததும் திரும்பக் கொடுக்கும். கனடாவில் ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு முத்திரை அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சில கார்க் கம்பெனிகள் தங்கள் சார்ஜருக்கென்றே விற்கிற டிரையர் பிளக் முனையைக் கொழுவினால், சார்ஜர் அதை அடையாளம் கண்டு தானே 24க்கு இறங்கிவிடும். டெஸ்லாவின் முனை அப்படி. வேறு சார்ஜர் என்றால் சார்ஜரிலேயே 24 என்று நிரந்தரமாகக் குறைத்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். காரின் திரையில் மட்டும் குறைப்பதை நான் நம்புவதில்லை. மென்பொருள் மாறினாலோ வேறு கார் வந்தாலோ அந்த எண் போய்விடும்.

இன்னும் சிலர், “அண்ணை, பிரேக்கரை மட்டும் 40க்கு மாத்திவிடுங்கோ” என்று கேட்பார்கள். செய்ய மாட்டேன். சுவருக்குள் இருப்பது 30 அம்பியருக்கான பத்தாம் நம்பர் வயர். பெரிய பிரேக்கரைப் போட்டால் அந்த வயருக்குக் காவல் இல்லாமல் போகும். ஸ்காபரோவில் அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் கடைசி வரை கட்டின வீடுகள் பலவற்றில் வயரே அலுமினியம். அங்கே ஒரு மின்வேலைக்காரர் திறந்து பார்க்காமல் காரைக் கொழுவவே வேண்டாம். நாலு ஓட்டைக்குப் பதிலாக மூன்று ஓட்டைச் சாக்கெற் இருந்தால் அதில் தனி எர்த் கிடையாது. அதையும் விட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரும் வேண்டாம்.

24 அம்பியர் போதுமா? 240ஐ 24ஆல் பெருக்கினால் 5.76 கிலோவாட். எட்டு மணித்தியாலத்தில் 46 யூனிற். வழியில் வீணாவதைக் கழித்தாலும், மிதமான காலநிலையில் 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடலாம். மார்க்கம் நகரிலிருந்து ரொறன்ரோ டவுன்ரவுனுக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு இதில் பாதியே தாராளம். ஒன்ராறியோவில் 2023 மே மாதம் தொடங்கின நள்ளிரவுக் குறைந்த கட்டணத் திட்டத்தைச் சிலர் இன்னும் அறியவில்லை. இரவு 11 முதல் காலை 7 வரை அப்போது யூனிற் 2.4 சதம், வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை 24 சதம். பிறகு விலை ஏறியிருக்கிறது, விநியோகக் கட்டணமும் வரியும் தனி, ஆனாலும் இரவுக்கும் மாலைக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த எட்டு மணித்தியாலத்துக்கு டிரையர் பிளக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதற்காகவே ஆயிரக்கணக்கில் செலவழித்து 200 அம்பியர் பனல், அதாவது பிரேக்கர்கள் இருக்கிற பெட்டி, போட்டுவிட்டு, பிறகு வருத்தப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

100 அம்பியர் பனலும் பேஸ்மென்டில் வாடகைக் குடும்பமும் இருக்கிற வீடென்றால் மட்டும் கணக்குப் பார்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு அடுப்பு, ஒரே டிரையர், நடுவில் கார். வாடகைக்கு இருப்பவர்கள் எப்போது உடுப்புக் காயப்போடுகிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேரும். புதிதாக வயர் இழுத்துக் கராஜுக்குள் சாக்கெற் போடுவதானால் வேலை தொடங்கும்போதே மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துப் பதிவுசெய்ய வேண்டும். வேலைக்கு வருகிறவரிடம் அவருடைய ஏழு இலக்க லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். சொந்தக்காரர், கூடப் படித்தவர் என்று கூச்சப்படாதீர்கள். என்னிடமும் கேளுங்கள்.

ஏற்கெனவே டிரையர் பிளக்கில் கொழுவியிருப்பவர்கள் இன்றிரவே ஒன்று செய்யுங்கள். கார் ஒரு மணித்தியாலம் சார்ஜ் ஆனபின் போய், புறங்கையைப் பிளக்கின் மேல் வையுங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால், நிறம் மாறியிருந்தால், மணம் வந்தால், பிளக்கை இழுக்க வேண்டாம். முதலில் காரில் சார்ஜை நிறுத்துங்கள், பிறகு பனலுக்குப் போய்ப் பிரேக்கரை இறக்குங்கள். ஏஜாக்ஸ் அம்மா இப்போதும் படுக்கப் போகுமுன் ஒருதரம் அந்த அறைக்குள் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறாராம்.

வணக்கம்.