ஜெக்கிலின் பின்வாசல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெக்கில், ஹைடு என்ற பெயர்கள் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதி, 1886 ஜனவரியில் வெளிவந்த சின்ன நாவல். கதையைப் படிக்காதவர்கள்கூட ‘ஒரே ஆளுக்குள் ஒரு நல்லவன், ஒரு கெட்டவன்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு நெடுநாளாக இதில்தான் வழக்கு. அந்த நாவலில் கெட்டவன் இருக்கிறான், சரி. நல்லவன் எங்கே?

மருந்தைக் குடித்தால் டாக்டர் ஜெக்கில், ஹைடு ஆகிறார். மறுபடி குடித்தால்? சொக்கத்தங்கமான ஒருவர் வருவதில்லை. பழைய ஜெக்கில்தான் வருகிறார், நல்லதும் கெட்டதும் கலந்த அதே மனிதர். இதைக் கடைசி அத்தியாயத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஊருக்கு முன்னால் தலை நிமிர்ந்து நடக்கவும் வேண்டும், வாலிபத்திலிருந்து மறைத்து வைத்த ஆசைகளும் தீர வேண்டும். அதற்குத்தான் இன்னோர் உடம்பு.

இந்த இடத்தில் பிராடி கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஸ்டீவன்சன் எடின்பரோ நகரில் வளர்ந்தவர். சிறு வயதில் அவர் படுத்த அறையில் ஒரு மர அலமாரி நின்றது. அதைச் செய்தவர், அவருக்கு நூறு வருஷம் முந்திய வில்லியம் பிராடி. சாதாரண ஆசாரி இல்லை. தச்சர் சங்கத் தலைவர், நகரசபை உறுப்பினர், பெரிய மனிதர். பணக்கார வீடுகளுக்கு வேலைக்குப் போவார். அலமாரி செய்வார், பூட்டுப் பொருத்துவார். அப்படியே ஆணியில் தொங்கும் சாவியை மெழுகில் அழுத்தி அச்சு எடுத்துக்கொள்வார். பகலில் பூட்டுப் போட்ட வீட்டை இரவில் வந்து திறப்பார்! சூதாட்டக் கடன், ஊருக்குத் தெரியாமல் இரண்டு குடும்பங்கள், பணம் போதவில்லை. கடைசியில் 1788இல் கலால் வரி அலுவலகத்திலேயே கை வைத்தார். கூட்டாளி ஒருவன் காட்டிக்கொடுக்க, ஆம்ஸ்டர்டாம் வரை ஓடியும் பிடிபட்டு, அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி தூக்கில் தொங்கினார். ஸ்டீவன்சன் இவரை வைத்து ஒரு நாடகமே எழுதினார், நண்பர் ஹென்லியோடு சேர்ந்து, ஜெக்கில் கதைக்கு முன்பே.

பிராடிக்கு மருந்து தேவைப்படவில்லை பாருங்கள். கொஞ்சம் மெழுகு போதும்.

ஜெக்கிலிடமும் அந்த மெழுகு வேலை உண்டு. ஹைடு ஒரு சிறுமியை நடுத்தெருவில் மிதித்துவிட்டுப் போகிறான். கூட்டம் பிடித்துக்கொண்டு நூறு பவுண்டு பணம் கேட்கிறது. அவன் பெயிண்ட் உரிந்த ஒரு கதவைச் சாவி போட்டுத் திறந்து உள்ளே போய், பத்து பவுண்டைத் தங்கக் காசாகவும் மீதிக்குக் காசோலையும் கொண்டுவந்து தருகிறான். காசோலையில் கையெழுத்து? ஜெக்கிலுடையது. அந்தக் கதவும் ஜெக்கில் வீட்டுப் பின்வாசல்தான். இனிமேல் இப்படி மாட்டக்கூடாது என்று ஜெக்கில் என்ன செய்கிறார் தெரியுமா? வேறொரு வங்கியில் ஹைடு பெயரில் கணக்குத் தொடங்குகிறார். தன் கையெழுத்தையே பின்பக்கமாகச் சாய்த்து எழுதி அவனுக்கு ஒரு கையெழுத்தும் உண்டாக்குகிறார். மறுபடியும் சொல்கிறேன்: இதைச் செய்வது ஹைடு இல்லை, நாம் ‘நல்லவர்’ என்று சொல்லும் அந்த டாக்டர். நிதானமாக, தெளிந்த புத்தியோடு.

நேரமாகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டு விஷயம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹைடு ஒருவரைக் கொலை செய்துவிடுகிறான். அதற்குப் பிறகு ஜெக்கில் திருந்தி, தான தருமம் செய்கிறார். ஒருநாள் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் வெயில் காய்கிறார். ‘மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள், நான் எவ்வளவு செய்கிறேன்’ என்று ஒரு நினைப்பு. அந்த நொடியில், மருந்தே இல்லாமல், ஹைடாக மாறிவிடுகிறார்.

அப்புறம், 1887இல் இது மேடைக்கு வந்தது. ரிச்சர்டு மான்ஸ்ஃபீல்டு நடித்தார். நாவலில் இல்லாத ஒரு காதலியை ஜெக்கிலுக்குக் கொடுத்தார்கள். ஆள் பளிச்சென்று நல்லவர் ஆகிவிட்டார். பின்னால் வந்த சினிமாக்களும் அந்தக் காதலியை விடவில்லை. அதை விரிவாகப் பேச ஆசைதான், கடிகாரம் விடவில்லை. நன்றி, வணக்கம்.