கண்டக்டர் ஏறிய படிகள்

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில் ஒரு சின்ன வேலை. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். அப்படியே, கையை எங்கும் ஊன்றாமல், நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள். எழுந்தாயிற்றா? சரி, இப்போது உட்காருங்கள். தொப்பென்று விழாமல், மெதுவாக. தலைசுற்றல் உள்ளவர்களும், மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் செய்ய வேண்டாம், கேட்டால் போதும். சிலருக்கு இது ஒன்றுமே இல்லை. சிலருக்குக் கை தானாகவே நாற்காலிப் பிடியைத் தேடிப் போயிருக்கும். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே வருகிறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள். ஆனால் உடம்பைப் பற்றிய முதல் பாடத்தை நான் கற்றுக்கொண்டது என் அப்பாவிடம். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, மும்பை நகர பஸ்களை ஓட்டுகிற பெஸ்ட் நிறுவனத்தில் கண்டக்டர் ஆனவர். பல வருஷம் டபுள் டெக்கரில், அதாவது மாடி பஸ்ஸில், மேல்தட்டில்தான் அவருக்கு வேலை. சின்ன வயதில் அவருடைய வண்டியில் ஏறிப்போய் அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். இடது கையில் தகர டிக்கெட் பெட்டி. வலது கையில் டிக்கெட் துளைக்கிற இடுக்கி. அதைக் கம்பியில் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே வருவார். வண்டி சயான் பக்கம் ஒரு திருப்பத்தில் சாயும். உட்கார்ந்திருக்கும் நாங்களே முன் சீட்டைப் பிடித்துக்கொள்வோம். அப்பாவுக்குப் பிடித்துக்கொள்ளக் கை ஏது? இரண்டு கையும் வேலையில் இருக்கும். கால் இரண்டையும் கொஞ்சம் அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி, வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பாரத்தை மாற்றிக்கொண்டே சில்லறை எண்ணிக் கொடுப்பார். எட்டு மணி நேரம் அப்படித்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உடற்பயிற்சியின் பலனை முதன்முதலில் கணக்கெடுத்துக் காட்டிய ஆராய்ச்சிகளில் ஒன்று பஸ் கண்டக்டர்களை வைத்துத்தான் நடந்தது. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். அங்கேயும் நம் ஊர் மாதிரியே டபுள் டெக்கர். ஒரே வண்டியில் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டர் மேலும் கீழும் ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை. யாருக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்று மாரிஸ் பார்த்தார். டிரைவர்களுக்குத்தான். 1953-இல் லான்செட் மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்.

அவர் அதோடு விடவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஒருவேளை குண்டாக இருப்பவர்களே டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. கம்பெனி சீருடை தைக்க எடுத்த கால்சட்டை அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாகத்தான் இருந்தது, இளவயது டிரைவர்களுக்கும்கூட. சரி என்று, ஒல்லியானவர், நடுத்தரமானவர், பெருத்தவர் எனப் பிரித்துப் பார்த்தார். அப்படிப் பிரித்தும் டிரைவர்களுக்கே ஆபத்து அதிகம். தபால் இலாகாவிலும் இதே கதைதான். நடந்து போய்க் கடிதம் கொடுத்த தபால்காரருக்கு ஆபத்து குறைவு, உட்கார்ந்து எழுதிய குமாஸ்தாவுக்கு அதிகம். மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

இப்போது மறுபடியும் அப்பாவிடம் வருகிறேன். 58 வயதில் ஓய்வு பெற்றார். அதே சமயத்தில் வீடும் மாறியது. சால் என்கிற பழைய வரிசைவீட்டுக் கட்டடத்தில் இருந்தவரை படி ஏறினார், தண்ணீர் தூக்கினார். புதுக் கட்டடத்தில் ஏழாவது மாடி, லிஃப்ட், குழாயைத் திறந்தால் தண்ணீர். எல்லாம் நல்லதுதான், யாருக்கும் அந்தப் பழைய கஷ்டம் திரும்ப வர வேண்டாம். ஆனால் இரண்டே வருஷத்தில், ஓடுகிற வண்டியில் பிடிமானம் இல்லாமல் நின்ற மனிதர், சோபாவிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார். 60 வயதுதான். நோய் என்று எதுவும் இல்லை. தொடைத் தசை வற்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். முப்பது வயதைத் தாண்டியதும் தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. உடம்பு சிக்கனக்காரி. வேலை கொடுக்காத தசைக்கு அது சோறு போடாது.

நான் செய்தது இவ்வளவுதான். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டேன். அதன் மேல் ஜமுக்காளத்தை நாலாக மடித்து வைத்தேன். உயரமாக உட்கார்ந்தால் எழுந்திருப்பது சுலபம், அதற்காக. காலையில் காப்பிக்கு முன்னால் ஐந்து தடவை, மத்தியானம் ஐந்து, ராத்திரி ஐந்து. கையை ஊன்றக் கூடாது. உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும். சில வாரம் கழித்து ஜமுக்காளத்தில் ஒரு மடிப்பைப் பிரித்தேன். அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஜமுக்காளமே இல்லை. அடுத்த பொங்கலுக்கு அப்பா தரையில் இலை போட்டுச் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது ஒரே ஒரு தடவைதான் கையை ஊன்றினார். 2023-இல் பழைய சிவப்பு டபுள் டெக்கர்களை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்தேரியில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். 78 வயதில் மேல்தட்டுக்கு அவரே ஏறினார்.

அதனால் மறுபடியும் சொல்கிறேன், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருங்கள். தினமும். செலவில்லாத பயிற்சி இது.

சரி, எவ்வளவு உழைத்தால் போதும்? உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு என்கிறது. ஒரு நாளைக்கு அரை மணி நேர வேக நடை, வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதமானது என்பதைக் கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும். பால் காயும்வரை சமையல் மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள், அதுவே ஆரம்பத்துக்குப் போதும்.

பத்தாயிரம் அடி நடக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்குப் 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள், எண் அங்கிருந்து வந்தது. நாலாயிரம் நடப்பவர் ஆறாயிரம் நடந்தாலே நல்ல லாபம்.

இந்த ஊரில் நடக்க இடமா இல்லை? மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ், தாதரில் சிவாஜி பார்க். அங்கெல்லாம் போக நேரமில்லை என்றால் ரயில்வே மேம்பாலம் இருக்கிறதே. தாதர் பாலத்தில் எஸ்கலேட்டர் வரிசையில் நிற்கிற நேரத்தில் படியேறிப் போய்விடலாம். கூட்டம் நெரியும்போது வேண்டாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறுங்கள். வீட்டில் லிஃப்டை இரண்டு மாடி முன்னாலேயே விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் கட்டட வராந்தாவிலேயே நடக்கலாம். கண்டக்டருடைய படிகளை நம் நாளுக்குள் நாமே கொண்டுவந்து வைக்க வேண்டும், வேலை இனிமேல் அதைத் தராது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நிமிஷம் என்று விரல் காட்டுகிறார்கள். சாப்பாட்டைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். தட்டில் சோறோ சப்பாத்தியோ கால் பங்கு, பருப்பு, முட்டை, மீன் போன்றவை கால் பங்கு, காய் பாதி. உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், ஊறுகாய், அப்பளம், வடா பாவ் எல்லாம் சேர்த்து. ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடங்கள், இயங்குகிற தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். எடை மெஷின் இல்லாவிட்டால் பரவாயில்லை, தையல்கார டேப் போதும். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் கவனியுங்கள். தூக்கம் ஏழு மணி நேரம்.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு இறுக்கினாலும், வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், அங்கேயே நின்றுவிடுங்கள். வாயு என்று சொல்லி வீட்டுக்குப் போகாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.