துவாக்குடிப் பட்டறைக்குப் பாதுகாப்புத் துறை ஆர்டர் கிடைக்குமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி துவாக்குடியிலிருந்து வந்திருக்கிறது. கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "ஐயா, பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக ஒரே ஒரு பெரிய கொதிகலன் நிறுவனத்துக்குத்தான் ஜாப் ஒர்க். இப்போது ஆர்டர் பாதியாகிவிட்டது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் திருச்சியும் இருக்கிறது என்கிறார்களே, அதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா? என் மைத்துனர் கட்டட ஒப்பந்ததாரர். ராணுவ முகாம்களில் கட்டுமான வேலை எடுக்க அவரால் முடியுமா? ஒருவர் எல்லாப் பதிவையும் முடித்துத் தருகிறேன், ஒன்றரை லட்சம் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். காரணம் பிறகு.

வழித்தடம் என்றதும் பலர் ஏதோ சாலை போடுகிறார்கள், அதன் ஓரத்தில் இடம் இருந்தால் ஆர்டர் தானாக வந்து நிற்கும் என்று நினைக்கிறார்கள். 2018 மத்திய பட்ஜெட்டில் இரண்டு வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று உத்தரப் பிரதேசத்துக்கு, மற்றொன்று நமக்கு. நம்முடையதில் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி என ஐந்து மையங்கள். டிட்கோ எனப்படும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம்தான் இதற்கான மாநில அமைப்பு. நிலம், சோதனைக்கூடம், முதலீட்டுச் சலுகை ஆகியவை இதன் வழியாக வரும். கொள்முதல் உத்தரவு வராது. அதைக் கொடுப்பவர்கள் வேறு. உங்களுக்குத் தேவை அவர்களுடைய முகவரி.

அந்த முகவரிகளில் இரண்டு உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. துப்பாக்கிகள் செய்யும் படைக்கலத் தொழிற்சாலை ஒன்று. டாங்கி குண்டுக்கான கன உலோக ஊடுருவிகளைச் செய்யும் ஹாப் தொழிற்சாலை இன்னொன்று. 2021 அக்டோபர் 1-ஆம் தேதி பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிந்தது. அதனால் உங்கள் ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டுக்கும் இன்று முதலாளி வேறு வேறு. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் ஒரு நிறுவனத்தின் கீழ், அதே ஆவடியில் உள்ள உடைத் தொழிற்சாலை இன்னொன்றின் கீழ். குன்னூர் பக்கம் அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை உங்கள் ஊர் ஹாப் இருக்கும் அதே நிறுவனத்தில். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஓர் இடத்தில் விற்பனையாளராகப் பதிந்துவிட்டு எல்லா இடத்திலும் பதிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்ன விற்பது? 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 2021-இல் ஆவடிக்கு ஆர்டர் கிடைத்தது, ஏழாயிரத்து ஐந்நூறு கோடிக்கு மேல். செய்தியில் வருவது அந்த எண்தான். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். புதிய ஆயுதம் வாங்குவது மூலதனக் கொள்முதல், அதற்குப் பாதுகாப்புக் கையகப்படுத்தல் நடைமுறை என்ற தனி விதிப்புத்தகம். இருப்பதை ஓட்டுவதற்கு வாங்கும் உதிரி, பெட்டி, தாங்கி, ஜிக், ஃபிக்ஸ்சர், மூடி, கொக்கி இவையெல்லாம் வருவாய்க் கொள்முதல். அதற்கான விதிப்புத்தகத்தைப் புதுப்பித்து 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் பட்டறைக்கு இந்த இரண்டாவது புத்தகம்தான் சோறு போடும். ஒரு டாங்கியில் கருவிப்பெட்டியைத் தாங்குகிற பிராக்கெட்டை யாரோ வளைத்து, யாரோ பற்றவைக்கத்தான் செய்கிறார்கள்.

ஸ்ரீஜன் என்று ஒரு தளம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த பொருள்களை அதில் பட்டியலிட்டு, உள்ளூரில் யார் செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் ஏறியிருக்கின்றன. ஓர் இரவு உட்கார்ந்து பாருங்கள், நல்ல பாடம். ஆனால் ஆண்டுத் தேவை எத்தனை என்ற கட்டத்தைப் பார்க்காமல் கையை உயர்த்தாதீர்கள். வருடத்துக்கு நான்கு எண்ணிக்கை தேவைப்படும் பொருளுக்கு டை எனும் அச்சைச் செய்யும் செலவே இரண்டு லட்சம் என்றால், அதைச் செய்து கொடுத்துப் பாராட்டு வாங்கலாம், பணம் வராது.

சலுகைகளுக்கு வருகிறேன். குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் வாங்க வேண்டும் என்பது மத்திய அமைச்சகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் உள்ள கட்டாயம். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இருந்தால் டெண்டர் ஆவணம் இலவசம், இஎம்டி எனப்படும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். ஆனால் ஆர்டர் கிடைத்த பிறகு, ஒழுங்காக முடித்துத் தருவீர்கள் என்பதற்காகக் கேட்கும் செயல்திறன் பிணைக்கு இந்த விலக்கு கிடையாது. அதைக் கவனிக்காமல் விலை போட்டுவிட்டு, வங்கி உத்தரவாதத்துக்காக வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

15 சதவீத விதி என்று ஒன்று உண்டு. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு பெரிய நிறுவனம் எல்லோரையும்விடக் குறைவாக 100 ரூபாய்க்குக் கேட்டு முதலிடத்தில் வந்துவிட்டது, நீங்கள் 112 போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் 115-க்குள் இருப்பதால், பிரித்து வாங்கக்கூடிய பொருளாக இருந்தால், மொத்த அளவில் நான்கில் ஒரு பங்கை உங்களிடம் வாங்க வேண்டும். ஆனால் 112-க்கு வாங்க மாட்டார்கள். 100-க்கு இறங்கி வந்தால்தான். உங்கள் அடக்கவிலை 104 என்றால் அந்த வாய்ப்பு உங்களுக்கு எமன். முதலிடத்தில் வந்தவரும் உங்களைப் போலவே சிறு நிறுவனம் என்றால் இந்த விதியே எழாது. அதோடு, இது சொந்தமாக உற்பத்தி செய்பவருக்கு மட்டும். வாங்கி விற்கும் வியாபாரி உத்யம் எண்ணைக் காட்டி இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

சரி, விலை போட்டாயிற்று, ஆர்டரும் வந்தாயிற்று. இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. என் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம். இருநூறு பிராக்கெட். அளவு எல்லாம் சுத்தம், வெல்டிங் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆய்வாளர் வந்தார், அளவு பார்க்கும் வெர்னியரை எடுக்கவே இல்லை. ஒரு பிராக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார், "ஹீட் நம்பர் எங்கே?" என்றார். தகடு வாங்கும்போது மில் சோதனைச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதில் அந்த உருக்கு வார்ப்பின் எண் இருக்கும், அதே எண் தகட்டின் ஒரு மூலையிலும் குத்தியிருக்கும். என் ஆள் தகட்டை வெட்டினான். எண் இருந்த மூலை துண்டுக் குவியலுக்குப் போய்விட்டது. வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டிலும் அந்த எண்ணை மாற்றிக் குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. கையில் சான்றிதழ் இருக்கிறது, தகடும் அதே தகடுதான், ஆனால் அது இதுதான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வாங்கி, மறுபடி ஆய்வுக்கு அழைத்து... தாமத அபராதம் ஒருபக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. வாரத்துக்கு அரை சதவீதம் என்பதுதான் அப்போது வழக்கமான கணக்கு.

தம்பி, இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கொதிகலன் பாகங்கள் செய்து பழகிய துவாக்குடிப் பட்டறைகளில் ஹீட் நம்பரை மாற்றிக் குத்துவது கைப்பழக்கம். பற்றவைப்பவரின் தகுதிச் சான்று, பற்றவைப்புக் குச்சியான எலெக்ட்ரோடை உலர்த்திய பதிவேடு, பற்றவைப்பைச் சோதிக்கும் எக்ஸ்ரே ஃபிலிம் இவையெல்லாம் என்னவென்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் நல்ல லேத் வைத்திருப்பவர்கூட இந்தப் பதிவேட்டுப் பழக்கத்துக்கு இரண்டு வருடம் திணறுகிறார். உங்களிடம் அது இருபது வருடமாக இருக்கிறது. உங்கள் மூலதனம் அதுதான், இயந்திரம்கூட இரண்டாவதுதான்.

ஒன்று மட்டும் புதிதாகக் கற்க வேண்டும். ராணுவத்துக்குப் போகும் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் மூல வரைபடத்தையும் முத்திரையிட்ட மாதிரியையும் வைத்திருக்கும் ஓர் அதிகார அமைப்பு உண்டு. வரைபடத்தில் திருத்த எண் இருக்கும். டெண்டரில் சொன்ன திருத்த எண்ணும் உங்கள் கையில் இருக்கும் தாளும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத்தான் தகட்டில் கோடு போட வேண்டும். பழைய தாளை வைத்துச் செய்த நல்ல பொருள், அங்கே கழிவுதான்.

பணம் எப்போது வரும்? கணக்குக்காக இருபது லட்சம் ரூபாய் ஆர்டர் என்று வையுங்கள். இரும்புக்குப் பதினொரு லட்சம் முன்பணம். செய்து முடிக்க ஆறு வாரம், ஆய்வுக்குக் காத்திருக்க மூன்று வாரம், அனுப்பி, பில் போட்டு, பணம் வர இன்னும் ஆறேழு வாரம். நான்கு மாதம் உங்கள் பணம் வெளியில் இருக்கும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது பொருள் ஏற்கப்பட்ட பிறகுதான். அதோடு, இருக்கிற ஒரே வாடிக்கையாளர் மேல் யார் வழக்குப் போடுவார்கள்? பொதுத்துறை நிறுவனம் பில்லை ஏற்றுக்கொண்டுவிட்டால் ட்ரெட்ஸ் தளத்தில் அதை வங்கிக்குக் கொடுத்து முன்னாலேயே பணம் எடுக்கலாம். ஆர்டர் எடுப்பதற்கு முன்பே அதில் பதிந்து வையுங்கள். முதல் வருடம் உங்கள் மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பக்கம் போகவே கூடாது என்பது என் கருத்து.

இனி மைத்துனர். அவருடைய வாசல் முற்றிலும் வேறு. நான் இதுவரை சொன்ன 25 சதவீதம், 15 சதவீதம், இஎம்டி விலக்கு எல்லாம் பொருளுக்கும் சேவைக்கும்தான். கட்டுமானப் பணி ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது. உத்யம் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்தாலும் அங்கே செல்லாது. முப்படைகளின் கட்டடம், சாலை, குடிநீர், மின்சாரம் எல்லாவற்றையும் பார்ப்பது ராணுவப் பொறியாளர் சேவை, எம்இஎஸ். இதுவரை முடித்த வேலை, சொத்து, வங்கிச் சான்று இவற்றைப் பார்த்து வகுப்பு வகுப்பாக ஒப்பந்ததாரரைப் பதிவு செய்கிறார்கள். பதிந்தவர் நிலையான பிணை ஒன்றைக் கொடுத்து வைத்துவிட்டால் ஒவ்வொரு டெண்டருக்கும் இஎம்டி கட்டத் தேவையில்லை. பதியாதவரும் அந்த வகுப்புக்கான தகுதி இருந்தால் கேட்கலாம். டெண்டர்கள் பாதுகாப்புத் துறையின் மின்கொள்முதல் தளத்தில் வரும், டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம்.

தமிழ்நாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. தஞ்சாவூர், சூலூர், தாம்பரம் விமானப்படைத் தளங்கள், வெலிங்டன் முகாம், அரக்கோணம் ராஜாளி, உச்சிப்புளி பருந்து, விஜயநாராயணம் கட்டபொம்மன் எனக் கடற்படை நிலையங்கள். புதுக் கட்டடத்துக்குப் போட்டி கடுமை. நுழைய எளிது டெர்ம் காண்ட்ராக்ட். அதாவது ஒரு முகாமில் வருடம் முழுக்க நடக்கும் சின்னச் சின்ன பராமரிப்பு, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பழுது. தஞ்சாவூர் அவருக்குப் பக்கம்தான்.

விலை போடுவதற்கு முன்னால் அவர் ஒருமுறை தளத்தைப் பார்க்க வேண்டும். காலை கேட் திறக்கும் நேரத்தில் போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூலியாளுக்கும் காவல் துறைச் சரிபார்ப்பு, நுழைவுச் சீட்டு. ஜல்லி லாரி வரிசையில் நிற்கும், ஓட்டுநர் மாறியிருந்தால் திரும்பிப் போகும். எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய கான்கிரீட் பதினொன்றுக்குத் தொடங்கும். ஓடுதளம் பக்கத்து வேலை என்றால் விமானம் பறக்கும் நேரத்தில் கலவை இயந்திரம் நிற்க வேண்டியிருக்கும். சிமெண்ட் கிடங்குக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி ஒப்பந்ததாரரிடம், மற்றொன்று பொறியாளரிடம். அவர் வராமல் ஒரு மூட்டைகூட வெளியே வராது. ஊருக்குள் வீடு கட்டும் விலையை அப்படியே இங்கே போட்டால், கூலியாள் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தை அவர் தன் பையிலிருந்துதான் கட்டுவார். இதற்கெல்லாம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது, தெரிந்துதானே விலை போட்டீர்கள் என்பார்கள்.

அந்த ஒன்றரை லட்சத்துக்கு வருகிறேன். உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. ஸ்ரீஜனில் பார்ப்பதற்கும் பணம் இல்லை. அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் இணையதளத்தில் பதிவது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பிற்பகல் வேலை. டிஜிட்டல் கையொப்பம் சில ஆயிரத்தில் முடியும். விற்பனையாளர் பதிவில் கடினமான பாகம், ஆள் வந்து உங்கள் பட்டறையைப் பார்ப்பது. அன்றைக்கு அளவு பார்க்கும் உங்கள் கேஜ்களுக்கு, அவை சரியாகக் காட்டுகின்றன என்ற காலிபரேஷன் சான்று இருக்கிறதா, தகட்டுக் கிடங்கில் ஒரு ரகம் இன்னொன்றோடு கலந்து கிடக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அந்தத் தரகர் வந்து உங்கள் கிடங்கைப் பெருக்கிக் கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். "உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது" என்று அவர் சொன்னால், அந்த நிமிடமே அவரை வெளியே அனுப்பிவிடுங்கள். பிடிபட்டால் தடைப் பட்டியலில் ஏறுவது உங்கள் பெயர்தான்.

அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து கேஜ்களைச் சான்று பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மிச்சத்தை முதல் ஆர்டரின் இரும்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி ஓசூரிலிருந்து, அதைப் பார்ப்போம்.