அமைதிக் குழு ஆண்டுக்கொரு முறை கூடினால் போதாது

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜமாத் தலைவர் பெரியவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோயில் அறங்காவலர் ஐயா அவர்களே, வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, இடமில்லாமல் நின்றபடி கேட்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விளிக்காமல் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேடையில் பேர் விட்டுப்போனதற்கே கோஷ்டி பிரிந்த ஊர்கள் உண்டு.

‘ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.’ இந்தப் பழமொழியை வைத்துக்கொண்டு மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: வதந்தி, தெருக்குழு, பள்ளிக்கூடம்.

முதலில் வதந்தி. 1990 டிசம்பர், உத்தரப்பிரதேசத்து அலிகர் நகரம். பல்கலைக்கழக மருத்துவமனையில் படுத்திருந்த இந்து நோயாளிகளை முஸ்லிம் மருத்துவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. வாய்ப்பேச்சாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, உள்ளூர் இந்தி நாளிதழ்களிலேயே அச்சேறிவிட்டது! அச்சில் வந்தால் நம் ஆட்கள் நம்பாமல் இருப்பார்களா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது மருத்துவமனை. உள்ளே சேர்த்ததற்குப் பதிவேடு உண்டு, இறப்புக்குத் தனிப் பதிவேடு உண்டு. ஒரு ஆள் வார்டுக்குள் எட்டிப் பார்த்தால், ‘எல்லாரும் கட்டிலில்தான் இருக்கிறார்கள்’ என்று பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் யார் போவது? இந்துவுக்குப் போகப் பயம். முஸ்லிம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் எதிர்த் தெரு நம்பாது. இரண்டு பேரும் சேர்ந்து போய், சேர்ந்து திரும்பி, இரண்டு தெருவிலும் சொல்ல வேண்டும். அப்படிப் போக ஒரு ஜோடி அந்த ஊரில் அமையவில்லை. செய்தி பொய் என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள், பத்திரிகைக் கவுன்சிலும் கண்டித்தது. அதற்குள் பிணங்கள் விழுந்துவிட்டன.

அதே காலத்தில் கோழிக்கோட்டில், பள்ளிவாசலுக்குள் பன்றியை வீசிவிட்டார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். அங்கே எடுபடவில்லை. இரு சமூகத்தாரும் இருந்த அமைதிக் குழு உடனே இறங்கி அணைத்தது. காரணம் அன்றாடப் பழக்கம். இந்த இரு நகரங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே. இரு சமூகத்தாரும் அடிக்கடி சேர்ந்து சாப்பிடுவதாகச் சொன்னவர்கள் கோழிக்கோட்டில் சுமார் 83 விழுக்காடு, அலிகரில் 54. பிள்ளைகள் கூடி விளையாடுவதிலோ இடைவெளி இன்னும் பெரிது: கோழிக்கோட்டில் 90, அலிகரில் 42!

இரண்டாவது, தெருக்குழு. மகாராஷ்டிரத்துப் பிவண்டியை நம் சோமனூர், பள்ளிபாளையம் போல நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் விசைத்தறி ஊர்தான். 1970-இல் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தில் தொடங்கிய கலவரம், 1984-இல் மறுபடியும். ஊரடங்கு போட்டால் தறி நிற்கும், தறி நின்றால் அன்றைய கூலி இல்லை. பாவு எந்த மதத்தான் ஓட்டினாலும் பட்டினி ஒன்றுதான். 1988-இல் அங்கு வந்த காவல் அதிகாரி சுரேஷ் கோப்டே, தெருத்தெருவாகச் சுமார் 70 குழுக்கள் அமைத்தார். இரு மதத்தவரும் சரிபாதி. பேசியது மதநல்லிணக்கமா? சாக்கடை, குழாய்த் தண்ணீர், புருஷன் பெண்டாட்டிச் சண்டை! அப்படித்தான் முகம் பழகும். 1992-93இல் பக்கத்து மும்பை எரிந்தது. ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்குப்படி 900 பேர் மாண்டார்கள். பிவண்டி எரியவில்லை.

நம் ஊரில் என்ன நடக்கிறது? விநாயகர் சதுர்த்திக்கு நாலு நாள் முன்னால் ஸ்டேஷனில் அமைதிக் குழு என்று ஒரு கூட்டம், டீ, பிஸ்கட், கையெழுத்து. வருவதும் அதே பத்துப் பிரமுகர்கள். பிரச்சினை வெடிக்கும் சந்தில் அவர்களை யாருக்கும் தெரியாது. கோவையில் 1997 நவம்பர் இறுதிக்கும் 1998 பிப்ரவரி 14-க்கும் நடுவே இரண்டரை மாதம் இருந்தது. முதலில் கலவரத்தில் 18 உயிர், பிறகு குண்டுவெடிப்பில் 58. அந்த இரண்டரை மாதத்தில் தெருவுக்குத் தெரு பேச்சு நடந்திருக்க வேண்டாமா?

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிறோமே, கூத்துக் கலைஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஊர் இரண்டுபட்டால் 163 போடுவார்கள் (பழைய 144தான்), கூட்டம் கூட முடியாது, கூத்தாடிக்கும் கூலி போச்சு. கொண்டாட்டம் வேறு யாருக்கோ!

ஆகவே நம் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு காவல் நிலைய எல்லையிலும் நிரந்தரத் தெருக்குழு. பதினைந்து நாளுக்கொரு கூட்டம். மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவருக்கு இடமில்லை. மேடையில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பீட் காவலர், அதாவது அந்தத் தெருவுக்கு ரோந்து வருபவர், கட்டாயம் உட்கார வேண்டும், நோட்டில் தீர்மானம் எழுத வேண்டும். வதந்தி வந்தால் போய்ப் பார்த்துவர இரு தரப்பிலிருந்தும் ஒருவர் சேர்ந்த ஜோடியை முன்கூட்டியே பெயர் குறித்துவைக்க வேண்டும், இரு தெருவுக்கும் அவர்கள் கைபேசி எண் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பள்ளிக்கூடம். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். வாசலில் கையெழுத்துப் படிவம் இருக்கிறது. தெருப் பெயரை விட்டுவிடாமல் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.